விபத்தில் காயமுற்றவரை எப்போது அசைக்கலாம், எப்போது அசைக்கக் கூடாது? மருத்துவமனைக்கு முந்தைய முதுகெலும்பு, கைகால் பாதுகாப்பு: ஒரு விளக்கம்

சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 48, வாலாஜாபேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி வழியாகப் பாலாற்றுப் படுகையை ஒட்டிச் செல்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி இது. சரக்கு லாரிகள், இரவுநேரப் பேருந்துகள், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் வேன்கள், இரு சக்கர வாகனங்கள் அனைத்தும் இந்த ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

2023 செப்டம்பர் 11 அன்று, நாட்றம்பள்ளி அருகே பழுதாகி நின்ற சுற்றுலா வேன் மீது சரக்கு வாகனம் மோதியதில், சாலையோரம் அமர்ந்திருந்த 7 பெண்கள் உயிரிழந்தனர். அவர்கள் ஆம்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்கள். சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 11 அதிகாலையில், வாணியம்பாடியை அடுத்த செட்டியப்பனூரில் இரு பேருந்துகள் நேருக்கு நேர் மோதிக்கொண்டதில் 5 பேர் உயிரிழந்தனர். 60க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாநில அளவில் பார்த்தால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டிற்கே.

செய்திகள் உயிரிழந்தோரின் எண்ணிக்கையைச் சொல்லும். உயிர் பிழைத்தோரில் எத்தனை பேர் மீண்டும் நடந்தனர், எத்தனை பேரின் கை பழையபடி இயங்கியது என்பது செய்தியில் வருவதில்லை. அதில் ஒரு பகுதி, மருத்துவர் நோயாளியைக் காண்பதற்கு முன்பே, சாலையோரத்திலோ தொழிற்சாலைத் தளத்திலோ முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் அருகில் இருப்பவர்கள் உறவினர்களும் உடன் பணிபுரிவோரும் வழிப்போக்கர்களுமே. அவர்கள் செய்ய வேண்டியது என்ன, அண்மை ஆண்டுகளில் இத்துறையின் அறிவுரை எவ்வாறு மாறியுள்ளது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இரண்டு தவறுகள்

விபத்து நடந்த இடங்களில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தவறுகள் நிகழ்கின்றன.

முதலாவது, அவசரத்தால் நேர்வது. காயமுற்றவரின் அக்குளில் ஒருவரும் முழங்காலடியில் ஒருவருமாகக் கைகொடுத்துத் தூக்கி, ஆட்டோவின் பின்னிருக்கையில் மடக்கி அமர்த்துகின்றனர். தலை தொங்குகிறது, முறிந்த தொடை வளைகிறது. உதவும் எண்ணம் உயர்ந்தது; ஆயினும் நிலையற்றுப்போன முதுகெலும்பு அந்த மடக்கலில் தண்டுவடத்தை மேலும் நசுக்கக்கூடும்.

இரண்டாவது, அச்சத்தால் நேர்வது. "தொடாதே, முதுகு போய்விடும்" என்று எவரோ சொல்ல, மூச்சுத் திணறுபவரையும் இரத்தம் பீறிடுபவரையும்கூட எவரும் தொடாமல் நிற்கின்றனர். வாந்தி மூச்சுக்குழலில் இறங்கினால் உயிர் சில நிமிடங்களில் பிரியும். அதன்பின் முதுகெலும்பைக் காத்துப் பயனில்லை.

இவ்விரண்டையும் தவிர்க்கும் வழி ஒன்றே: முதலில் உயிர், அடுத்து, தேவையற்ற அசைவைத் தவிர்த்தல். தேவையான அசைவு எது, தேவையற்ற அசைவு எது என்று அறிவதே இங்கு முக்கியம்.

மருத்துவ அறிவுரையில் நேர்ந்துள்ள மாற்றம்

பல பத்தாண்டுகளாக உலகெங்கும் ஒரு வழக்கம் இருந்தது. விபத்தில் சிக்கிய ஏறத்தாழ அனைவருக்கும் கழுத்தில் கடினமான பட்டை அணிவித்து, கடினப் பலகையில் கிடத்தி, வார்களால் இறுகக் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வர். இவ்வாறு முற்றிலும் அசையாமல் கட்டுவது நரம்புச் சேதத்தைத் தடுக்கும் என்பது ஒரு நியாயமான ஊகமாக இருந்ததே தவிர, முறையான ஆய்வுகளால் நிறுவப்பட்டதன்று.

1998இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. முதுகெலும்பைக் கட்டாமல் நோயாளிகள் கொண்டுவரப்பட்ட மலேசிய மருத்துவமனை ஒன்றையும், அனைவரும் கட்டப்பட்டுக் கொண்டுவரப்பட்ட அமெரிக்க மருத்துவமனை ஒன்றையும் அது ஒப்பிட்டது. கட்டப்பட்டவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. இரு நாடுகளின் சூழல்கள் வேறுபட்டவை என்பதால் இந்த ஓர் ஆய்வு இறுதித் தீர்ப்பாகாது. ஆயினும் அதன்பின் சேர்ந்த அனுபவங்கள் கடினப் பலகையின் தீமைகளை வெளிப்படுத்தின: வலி, மூச்சு விடுவதில் இடர்ப்பாடு, படுக்கைப் புண். இறுக்கமான கழுத்துப் பட்டை தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டக்கூடும். சுவாசப் பாதையைச் சீர்செய்வதற்கும் இடையூறாகும்.

எனவே 2018இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் விபத்துக் காயக் குழுவும் அவசர மருத்துவ அமைப்புகளும் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாட்டில், "முதுகெலும்பை அசையாமல் கட்டுதல்" என்ற சொல்லுக்கு மாற்றாக "முதுகெலும்பின் அசைவைக் கட்டுப்படுத்துதல்" என்ற சொல் முன்வைக்கப்பட்டது. எந்தக் கருவியாலும் முதுகெலும்பை முற்றிலும் அசையாமல் நிறுத்த இயலாது என்பதே இதன் பொருள். செய்யக்கூடியது, தேவையற்ற அசைவைக் குறைப்பது மட்டுமே. முதலுதவி செய்யும் பொதுமக்கள் வழக்கமாகக் கழுத்துப் பட்டை அணிவிக்க வேண்டாம் என்று 2015ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு முதலுதவி வழிகாட்டுதல்கள் அறிவுறுத்திவிட்டன.

பொதுமக்களுக்கு இது நற்செய்தி. கையில் பட்டையோ பலகையோ இல்லை என்பதற்காக நீங்கள் செயலற்று நிற்க வேண்டியதில்லை. உங்கள் இரு கைகளும் நிதானமும் போதும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

அடிபட்ட அந்த நொடியிலேயே தண்டுவடத்தில் நேர்ந்துவிட்ட சேதத்தை எவராலும் மாற்ற இயலாது. ஆனால் அடுத்த சில மணி நேரங்களில் சேதம் பெருகுவதைத் தடுக்க இயலும். அந்தப் பெருக்கத்திற்கு அசைவு மட்டும் காரணமன்று. ஆக்சிஜன் குறைவும், இரத்தப்போக்கால் நேரும் இரத்த அழுத்தக் குறைவும் காயமுற்ற தண்டுவடத்தை மேலும் அழிக்கின்றன. ஆகவே மூச்சையும் இரத்தப்போக்கையும் கவனிப்பது முதுகெலும்பைக் காக்கும் செயலே ஆகும். கீழ்க்காணும் வரிசையை நினைவில் கொள்ளுங்கள்.

1. இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். நின்ற வாகனத்தின் முன்னும் பின்னும் எவரும் அமரக் கூடாது. எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, அனைவரையும் சாலையை விட்டு விலக்குங்கள்.

2. 108ஐ அழையுங்கள். இடத்தை ஊர்ப்பெயருடன், சென்னை நோக்கிய பக்கமா, பெங்களூரு நோக்கிய பக்கமா என்றும் சொல்லுங்கள். காயமுற்றோரின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

3. இரத்தம் பீறிட்டால் தூய துணியால் காயத்தின் மீது நேரடியாக, விடாமல் அழுத்துங்கள். கை அல்லது காலிலிருந்து வரும் இரத்தம் அழுத்தியும் நிற்காவிடில், காயத்திற்கு மேலே அகலமான துணியைச் சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவக் குழுவிடம் தெரிவியுங்கள். கயிறு, கம்பி ஆகியவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

4. மூச்சைப் பாருங்கள். மூச்சு இல்லையெனில், கழுத்தில் காயம் இருக்கக்கூடும் என்ற ஐயத்திலும் நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்க வேண்டும். மூச்சு இருந்து, நினைவு இல்லாமல், வாந்தியோ இரத்தமோ வாயில் தேங்கினால், தலையும் உடலும் ஒன்றாகச் சேர்ந்து திரும்பும்படி ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

முதுகெலும்புக் காயம் என்று எப்போது ஐயுற வேண்டும்?

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும் முதுகெலும்புக் காயம் உள்ளதாகவே கருதி நடந்துகொள்ளுங்கள்.

• கழுத்திலோ முதுகின் நடுவிலோ வலி
• கை, கால்களில் மரத்துப்போதல், கூச்சம், பலவீனம். விரல்களை அசைக்க இயலாமை
• அறியாமல் சிறுநீர் அல்லது மலம் வெளியேறுதல்
• நினைவு மங்கியிருத்தல், குழப்பம், மது அருந்திய நிலை
• வலியை உணர விடாமல் கவனத்தைத் திருப்பும் வேறொரு பெருங்காயம்
• 65 வயதைக் கடந்தவர் என்றால், வீட்டில் வழுக்கி விழுந்ததுகூட

வாகனத்திலிருந்து தூக்கி எறியப்படுதல், வாகனம் உருளுதல், மரம், மாடி, ஏணி ஆகியவற்றிலிருந்து விழுதல் ஆகியவையும் ஐயத்திற்குரியவை. முதுகெலும்பு முறிந்தும் நரம்பு இன்னும் பாதிக்கப்படாதவர் கைகால்களை நன்றாகவே அசைப்பார். "கால் அசைகிறது, ஒன்றுமில்லை" என்று முடிவு செய்து அவரை எழுப்பி நடத்தக் கூடாது. உண்மையில் காப்பாற்றக்கூடியது மிகுதியாக இருப்பது இவரிடமே.

108 வரும் வரை

காயமுற்றவரின் கண்ணுக்கு நேரே வந்து பேசுங்கள். பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டால் அவர் தலையைத் திருப்புவார். "தலையை ஆட்ட வேண்டாம், நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை இருபுறமும் மென்மையாகத் தாங்கிக்கொள்ளட்டும். கழுத்தை இழுக்கவோ, கோணியிருந்தால் வலுவில் நேராக்கவோ வேண்டாம். தலைக்குத் தலையணையோ மடித்த துணியோ வைக்காதீர்கள். தண்ணீர், சோடா, தேநீர் எதுவும் புகட்டாதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம். விழுங்கியது மூச்சுக்குழலுக்குள்ளும் போகலாம்.

மூச்சு சீராக இருந்தால் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். முகக் கண்ணாடியை மட்டும் உயர்த்துங்கள். மூச்சுக்காகக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் இருவர் தேவை. ஒருவர் முன்புறமிருந்து தாடையையும் பிடரியையும் தாங்க, மற்றவர் தலைக்கவசத்தை இருபுறமும் விரித்து மெல்ல உருவ வேண்டும்.

கோடைக்காலத்து வேலூர் வெயிலில் தார்ச்சாலை தீயாய்க் கொதிக்கும். கால்களில் உணர்வற்றவருக்கு அச்சூடு தெரியாது; சில நிமிடங்களில் தோல் வெந்துவிடும். குடை, துணி கொண்டு நிழல் அமையுங்கள். மூன்று நான்கு பேர் இருந்தால், உடலை மரக்கட்டை உருட்டுவதுபோல் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்பி, அடியில் தடித்த போர்வையை விரியுங்கள். தலையைத் தாங்குபவரே எண்ணிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் ஆகியவற்றை ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும்.

எப்போது நகர்த்தியே ஆகவேண்டும்?

தீ, எரிபொருள் கசிவு, நீரில் மூழ்கும் அபாயம், வாகனங்கள் பாயும் சாலையின் நடுப்பகுதி ஆகிய சூழல்களில் காத்திருக்கக் கூடாது. அப்போது உடலின் நீளவாக்கில் மட்டும் இழுங்கள். தோள்பட்டைப் பக்கத்துச் சட்டையைப் பற்றி, தலையை உங்கள் முன்கைகளுக்கு இடையில் தாங்கிப் பின்னோக்கி இழுக்கலாம். ஒரு பக்கமாக முறுக்கி இழுப்பதும், உடலை நடுவில் மடக்குவதும் கூடாது.

காருக்குள் இருப்பவர் தெளிவான நினைவுடன், கைகால்களில் மரப்போ பலவீனமோ இன்றித் தாமாகவே இறங்க முடியும் என்று சொன்னால், அவரை மெதுவாகத் தாமே இறங்கவிடுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. பிறர் இழுத்து வெளியேற்றுவதைவிடத் தாமே இறங்கும்போது கழுத்து குறைவாகவே அசைகிறது என்பதை 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்வுகள் காட்டின. இறங்கியதும் அவர் படுத்துக்கொள்ள வேண்டும்.

ஆம்புலன்சு வர வாய்ப்பே இல்லாத இடத்தில் வேறு வாகனத்தில் கொண்டுசெல்ல நேர்ந்தால், ஆட்டோவில் அமர்த்துவதைவிடச் சரக்கு வேனின் தட்டையான தளம் மேலானது. கதவுப் பலகை, பெஞ்சு அல்லது கட்டிலில் கிடத்தி, தலையின் இருபுறமும் சுருட்டிய துணிகளை அணைகொடுத்து, ஒருவர் வழிநெடுகத் தலையைத் தாங்கியபடி வர வேண்டும்.

கை, கால் முறிவு

தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் தசைக்குள் கசியக்கூடும். வெளியே ஒரு துளியும் தெரியாது. முறிந்த முனைகள் அசையுந்தோறும் கசிவும் வலியும் பெருகும். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், தொடையெலும்பு முறிந்து புண்ணான வீரர்களில் நூற்றுக்கு எண்பது பேர் வரை இறந்ததாக அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. காயமுற்ற இடத்திலேயே காலை இழுத்துத் தாங்கும் 'தாமஸ் சிம்பு' பயன்பாட்டிற்கு வந்தபின், 1917இல் அது இருபதுக்கும் கீழே இறங்கியது. முறிந்த உறுப்பு அசையாமல் அதனுடன் சேர்த்துக் கட்டப்படும் தாங்குகட்டையே சிம்பு.

• முறிவுக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் அசையாதவாறு கட்டுங்கள்.
• கோணலாக இருந்தால் இருந்தபடியே தாங்குங்கள். நிமிர்த்த முயலாதீர்கள்.
• தடித்த அட்டை, மடித்த செய்தித்தாள், மரப்பட்டை, குடை எதுவும் சிம்பாகும். உறுப்புக்கும் சிம்புக்கும் இடையில் துணியைப் பரப்புங்கள்.
• சிம்பே கிடைக்காவிடில், அடிபட்ட காலை நல்ல காலுடன் சேர்த்து, நடுவில் துணி வைத்துக் கட்டலாம். அடிபட்ட கையைத் துண்டாலோ துப்பட்டாவாலோ கழுத்திலிருந்து தொட்டில்போல் தாங்கலாம்.
• முறிவின் மீதே முடிச்சுப் போடாதீர்கள். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும்.
• வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றுங்கள்.
• கட்டுவதற்கு முன்னும் பின்னும் விரல்களின் நிறம், சூடு, தொடு உணர்வு, அசைவு ஆகியவற்றைப் பாருங்கள். கட்டியபின் விரல்கள் வெளிறினால், குளிர்ந்தால், மரத்துப்போனால் கட்டைத் தளர்த்துங்கள்.
• எலும்பு வெளியே தெரிந்தால் தூய ஈரத்துணியால் மூடுங்கள். உள்ளே தள்ளாதீர்கள். மஞ்சள், காப்பித்தூள், சாம்பல் எதையும் இடாதீர்கள்.

ஆம்புலன்சு சில நிமிடங்களில் வந்துவிடும் என்றால், உறுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு காத்திருப்பதே போதும். சிம்பு கட்டுவதற்காகப் பயணத்தைத் தாமதப்படுத்த வேண்டாம்.

தொழிற்சாலைகளில்

தோல் பதனிடும் கூடங்களில் தளம் எப்போதும் ஈரமாக இருக்கும்; வழுக்கி விழுதல் இயல்பு. சுழலும் மர டிரம்களும், தோலைப் பிழியும், சதை நீக்கும் உருளை இயந்திரங்களும் கையைக் கவ்வும் ஆபத்து உடையவை. கை சிக்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். கையை வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் தோலும் நரம்பும் உரிந்துவரும். இயந்திரத்தை அறிந்த பழுதுபார்ப்பவரை அழைத்து உருளைகளைத் தளர்த்தச் செய்யுங்கள். கை விடுபட்ட பிறகு எலும்பு முறிந்ததாகக் கருதியே தாங்குங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்தவரை மீட்க முதுகெலும்பு முறை எதையும் எண்ணி எவரும் உள்ளே இறங்கக் கூடாது. நச்சு வாயு காப்பாற்றச் சென்றவரையும் கொல்லும். தீயணைப்பு, மீட்புப் பணித் துறையை 101 என்ற எண்ணில் அழையுங்கள்.

காலணித் தொழிற்சாலைகளில் சிம்புக்குக் குறைவில்லை: பெட்டிகளுக்கான தடித்த அட்டை, தோல் துண்டு, நாடா அனைத்தும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. தேவைப்படுவது பயிற்சி. 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேருக்கு மேல் பணிபுரிந்தால் தனி முதலுதவி அறை என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த அளவுகோல். பெட்டி எங்கே உள்ளது, அதைத் திறக்கும் பொறுப்பு யாருடையது, இரவுப் பணிமுறையில் அவர் இருக்கிறாரா என்று தொழிலாளர்கள் இன்றே கேட்டு அறிந்துகொள்வது நலம்.

நாட்டுக் கட்டு குறித்து

ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள புத்தூருக்குச் சென்று எலும்புக் கட்டுப் போட்டுவரும் வழக்கம் இப்பகுதியில் பல தலைமுறைகளாக உள்ளது. அந்நம்பிக்கையை இகழ்வது எம் நோக்கமன்று. ஆயினும் விபத்து நடந்த அன்று, எக்ஸ்ரே எடுக்காமலும் இரத்த ஓட்டத்தைப் பார்க்காமலும் எந்தக் கட்டும் இறுகப் போடப்படக் கூடாது. முதல் இரண்டு நாட்களில் வீக்கம் கூடும். அப்போது இறுகிய கட்டுக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்றால், ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தசை மீளாத அழிவை அடையத் தொடங்கும். குழந்தைகளின் முழங்கை முறிவில் இந்த ஆபத்து மிகுதி. விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம்.

மருத்துவமனையில் போடப்பட்ட மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும். மருந்துக்கும் அடங்காமல் வளரும் வலி, விரலை நீட்டிவிட்டால் தாங்க முடியாத வலி, மரப்பு ஆகியவை இருந்தால் காலை வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

மருத்துவமனையில் உடனிருப்போர் கேட்க வேண்டியவை

பலகை என்பது தூக்கிச் செல்வதற்கான கருவி, படுக்கை அன்று. "பலகையை எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை. பலகையை எடுத்தால் பாதுகாப்பு போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். சமமான மெத்தையில் நேராகப் படுத்திருப்பதும் அசைவைக் கட்டுப்படுத்தும். நோயாளியின் பின்சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் உள்ள பணப்பை, சாவி, கைப்பேசி ஆகியவற்றை முதலிலேயே எடுத்துவிடுங்கள். உணர்வற்ற உடலில் படுக்கைப் புண் அங்கிருந்தே தொடங்கும். ஒருமுறை வந்துவிட்டால் ஆற மாதக்கணக்காகும்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து எக்ஸ்ரே மேசைக்கு மாற்றும்போது, உதவும் எண்ணத்தில் கைகளைப் பிடித்து இழுக்காதீர்கள். பணியாளர் சொல்லும் எண்ணிக்கைக்குச் சேர்ந்து தூக்குங்கள். கழுத்துப் பட்டை அணிந்திருப்பவர் வலிக்கிறது என்று கேட்டாலும் நீங்களாகக் கழற்ற வேண்டாம், செவிலியரிடம் சொல்லுங்கள்.

எந்த மருத்துவமனைக்கு, எவர் செலவில்?

2008 செப்டம்பர் முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்சு சேவை முற்றிலும் கட்டணமற்றது. அதில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருப்பார். அருகிலுள்ள மருத்துவமனைக்கா, விபத்துச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கா என்ற முடிவை அவரிடம் விடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி அரசு மருத்துவமனைகள், அடுக்கம்பாறையிலுள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இராணிப்பேட்டையிலுள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரி வளாகத்தின் விபத்துச் சிகிச்சை மையம் ஆகியவை இச்சாலையைச் சார்ந்து உள்ளன. ஓரிடத்தில் இறக்கி மீண்டும் ஏற்றும் ஒவ்வொரு மாற்றமும் முதுகெலும்புக்குக் கூடுதல் அசைவு; நேரமும் வீணாகும்.

தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, இத்திட்டத்தில் இணைந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. வேறு மாநிலத்தவர், வேறு நாட்டவர் என்ற வேறுபாடு இல்லை. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமுற்றவருக்கு ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு ரொக்கம் செலுத்த வேண்டியதில்லை.

உதவியவரைச் சட்டம் காக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று இதற்கான வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதனை உறுதி செய்கிறது. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்தவோ, பணம் கட்டுமாறு கேட்கவோ இயலாது. காவல்துறை அலைக்கழிக்கும் என்ற அச்சத்தில் விலகிச் செல்ல வேண்டியதில்லை. காயமுற்றவரை ஆட்டோவில் அவசரமாக ஏற்றிவிட்டு மறைய வேண்டியதும் இல்லை. நிதானமாக நின்று, தலையைத் தாங்கி, 108 வரும் வரை உடனிருக்கலாம்.

காயத்திற்குப் பின்னும் வாழ்வு உண்டு

அனைத்தையும் சரியாகச் செய்தும் சிலருக்குக் கால்கள் மீள்வதில்லை. அடிபட்ட நொடியிலேயே நேர்ந்துவிட்ட சேதம் அது. உடனிருந்தவர்கள் "நாங்கள் தூக்கியதால்தான் இப்படி ஆயிற்றோ" என்று பல்லாண்டுகள் தம்மை நொந்துகொள்வதைக் காண்கிறோம். பெரும்பாலான வேளைகளில் அந்தக் குற்றவுணர்வுக்கு அடிப்படை இல்லை.

இதே வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தில் தண்டுவடக் காயமுற்று இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிறுவனம் அவர் முயற்சியின் பயன். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தண்டுவடக் காயமுற்றோருக்குச் சிறுநீர்ப்பைப் பராமரிப்பு, படுக்கைப் புண் தடுப்பு, சக்கர நாற்காலிப் பயிற்சி ஆகியவை முதல் வாரத்திலேயே திட்டமிடப்பட வேண்டியவை. அவற்றைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நினைவில் கொள்ள

மூச்சும் இரத்தப்போக்கும் முதலில். தலை, கழுத்து, உடல் ஒரே நேர்க்கோட்டில். முறிந்த உறுப்பை இருந்தபடியே தாங்குங்கள். மடக்காதீர்கள், முறுக்காதீர்கள், அமர்த்தாதீர்கள். ஆபத்து இருந்தால் நீளவாக்கில் நகர்த்துங்கள். இல்லையெனில் உடனிருந்து காத்திருங்கள்.

அவசர உதவிக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. இப்பக்கத்தின் தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. முறையான முதலுதவிப் பயிற்சிக்கும் மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கும் மாற்றாகா.